முதல் நம்பர் அறை

பிப்ரவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அக்கா எழுதுவது. கை, கால், நாக்கு மூன்றும் நன்றாக வேலை செய்கின்றன, நாக்கு கொஞ்சம் கூடுதலாகவே. அந்த மலைக் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரரும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கண் டாக்டரிடம் போனேன். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, எங்காவது வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அழுத்துங்கள் என்றார். நான் அழுத்தியதைவிட அவர் உச்சுக்கொட்டியதுதான் அதிகம். நேர்ப்பார்வைக்குக் குறையில்லையாம். ஓரப் பார்வைதான் இரண்டு பக்கமும் சுருங்கிக்கொண்டு வருகிறதாம். "இந்த வருஷம் பகல்ல ஓட்டுங்க, பரவாயில்ல. டிசம்பர்ல லைசென்ஸ் புதுப்பிக்கணும்னு வந்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். நல்ல மனுஷன்தான், இருந்தாலும் நாலு நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன்.

இந்த ஊரில் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் நான் ஓட்டியதே குறைவு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்தே வயசு போய்விட்டது. நேற்றுக் கடைக்குப் போகலாம் என்று வீட்டைப் பூட்டி, வண்டியில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று எரிச்சல் வேறு. திரும்பிப் பார்த்தால் ஓட்டுகிற சீட் காலி.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். லைசென்ஸ் கையில் இருக்கும்போதே அடிவாரத்திலிருந்து உச்சிவரை அந்த மலைப்பாதையை நானே ஓட்டிக்கொண்டு வந்து உன் வீட்டு வாசலில் நிறுத்தப் போகிறேன். கல்யாணமாகி நீ மேலே போன நாளிலிருந்து உன் வீட்டை நான் பார்த்ததில்லை. ஏப்ரலில் வருகிறேன். என்ன வாங்கி வரட்டும் என்று எழுது.

உன் அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் கண்ணை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிட முடியவில்லை. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள்.

நீ வருவதாக எழுதியது ரொம்ப சந்தோஷம். ஆனால் ஏப்ரலும் மேயும் இங்கே சீசன். எங்கள் விடுதியில் ஒரு அறைகூட மிஞ்சாது. பாதையில் மண் சரிந்த இடத்தில் ஒரு பக்கம்தான் வண்டி விடுகிறார்கள். காலை வேளையில் பனிமூட்டம் வேறு. அவரும் உன் கடிதத்தைப் படித்தார். "இந்த வயசுல எதுக்கு இந்த வீம்பு? சீசன் முடிஞ்சு பஸ்ல வரலாமே" என்றார். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

இங்கே எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ரூம் கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் இப்போது என் பொறுப்புதான். அவருக்கு அதில் பொறுமை கிடையாது, பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார். வீட்டுத் தபாலை மட்டும் அவரே பிரித்துப் படித்துவிட்டுத் தருவார். வீட்டிலிருந்து போகிற தபாலுக்கு ஸ்டாம்ப் ஒட்டுவதும் அவர்தான்.

இதைத் துணி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இஸ்திரி போட்ட விரிப்புகளுக்கு நடுவே கதகதப்பாக இருக்கிறது. மேலே மணி அடிக்கிறார்கள், வெந்நீர் கேட்கிறார்கள்போல.

சீசன் முடியட்டும் அக்கா, பார்க்கலாம்.

சின்னவள்

மார்ச் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சொட்டு மருந்து போடுகிறேன், போட்டதும் கண் எரிகிறது, உன் கடிதத்தைப் படித்ததும் இன்னும் கொஞ்சம் எரிந்தது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

சீசனில் அறை இல்லை. சீசன் முடிந்தால் மழை, பாதை சரிந்துவிடும். மழை முடிந்தால் பனி, அக்காவுக்கு மூட்டு பிடித்துக்கொள்ளும். பனி முடிந்தால் மறுபடி சீசன். இத்தனை வருஷமாக நீ இதையே சுற்றிச் சுற்றி எழுதுகிறாய், நானும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். நான் வரத் தோதான மாசம் எது என்று நீயே ஒரு காலண்டர் அச்சடித்து அனுப்பிவிடு.

எனக்குத் தனி அறையும் வேண்டாம், கட்டிலும் வேண்டாம். உன் அறையில் ஒரு ஓரமாகப் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். ஆமாம், உன் அறை எது? ஏரி, படகு, பைன் மரம், விருந்தாளிகள் போர்த்திக்கொண்டு வரும் சால்வை வரைக்கும் எழுதியிருக்கிறாய். உன் ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. இதை யோசித்துக்கொண்டே இருந்ததில் நேற்று ஒரு மாணவி குப்பைத்தொட்டி மேல் ஏற்றிவிட்டாள். நான் பிரேக்கை மிதிக்க மறந்தது அதுதான் முதல் தடவை.

வீம்பு என்றாராமே உன் வீட்டுக்காரர். ஆமாம், வீம்புதான். அது இல்லாவிட்டால், பொம்பளை நடத்துகிற டிரைவிங் ஸ்கூலா என்று தெருவே சேர்ந்து சிரித்தபோது நான் போர்டைக் கழற்றிவிட்டு ஊறுகாய் போட்டு விற்கப் போயிருப்பேன். அவருக்கும் என் அன்பைச் சொல். இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தால் அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

உன் அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

சௌக்கியம். வேலை அதிகம், அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

அவர் உன் கடிதத்தைப் படித்தார். "உங்கக்கா வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கட்டும், என் வீட்டை ஓட்டக் கத்துக் குடுக்க வேணாம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

இந்த வருஷம் வேண்டாம். அடுத்த வருஷம் பார்க்கலாம். கண்ணைப் பார்த்துக்கொள்.

சின்னவள்

ஏப்ரல் 26

பெறுநர்: விடுதி மேலாளர் அவர்கள்
பொருள்: சீசனில் தங்க அறை வேண்டுதல்

ஐயா அல்லது அம்மா,

வணக்கம். தங்கள் விடுதியில் அனைவரும் நலமாக இருக்கிறார்களா என்று அறிய மிகவும் விரும்புகிறேன். விடுதிக்கு எழுதுகிறவர்கள் இப்படி விசாரிப்பார்களா என்று தெரியாது, நான் விசாரிப்பேன்.

நான் தனியாக, சொந்தக் காரில் வரும் சுற்றுலாப் பயணி. மே மாத நடுவில் ஒரு வாரம் தங்க அறை வேண்டும். பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல் இருக்க வேண்டும். எல்லா விருந்தாளிகளையும்போல வாடகை கொடுப்பேன், சலுகை எதுவும் வேண்டாம். அடுத்த வருஷம் வரச் சொன்னால் வர இயலாது. எனக்கு அடுத்த வருஷம் கிடையாது.

அறையை உறுதி செய்வதற்கு முன் சில விவரங்கள் தேவை. விடுதியைப் பராமரிக்கும் பெண்மணி எந்த அறையில் தங்குகிறார்? அந்த அறைக்கு ஜன்னல் உண்டா? அவர் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் வேளை எது? சொந்தக்காரர்கள் வரக்கூடாது என்று சொல்வது யார், ஏன்? ஒளிக்காமல் பதில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சுற்றுலாப் பயணி

பி.கு.: ரூம் கேட்டு வரும் கடிதங்களை அங்கே ஒருவர் மட்டும்தான் பிரிப்பதாக அறிந்தே இப்படி எழுதுகிறேன். அவருக்குச் சின்ன வயதில் இரட்டைச் சடை பின்னிவிட்டது இதே கைதான்.

மே 4

பெறுநர்: சுற்றுலாப் பயணி அவர்கள்
பொருள்: அறை ஒதுக்கீடு

அம்மையீர்,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. விடுதியில் அனைவரும் நலமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியை நிறைய தடவை படித்தோம்.

தாங்கள் கேட்ட விவரங்கள்: விடுதிப் பெண்மணிக்குத் தனியாக அறை கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் முதல் நம்பர் அறை அவருடையதாக இருந்தது. முதல் சீசனிலேயே "ரெண்டு மாசம்தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார் முதலாளி. ஒரு குடும்பத்துக்காக அறையைக் காலி செய்துகொடுத்து, பெண்மணி துணி அறைக்குப் போனார். சீசன் முடிந்தது. எந்த நேரத்தில் யார் வந்து நிற்பார்களோ, கட்டில் விரித்தபடி தயாராக இருக்க வேண்டும் என்றார்கள். அதனால் இன்னும் துணி அறைதான். முதலாளி வரவேற்பறைக்குப் பின்னால் உள்ள அறையில் கட்டில் போட்டுப் படுக்கிறார். அங்கே இன்னொரு கட்டிலுக்கு இடம் போதாதாம்.

துணி அறைக்கு ஜன்னல் இல்லை. பள்ளத்தாக்கைப் பெண்மணி தினமும் பார்க்கிறார், விருந்தினர் அறைகளின் கண்ணாடியைத் துடைக்கும்போது. கண்ணாடி சுத்தமாக இருப்பதாக எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

உட்கார்ந்து தேநீர் குடிக்கும் வேளை எது என்று கேட்டிருந்தீர்கள். யோசித்துப் பார்த்தோம், நினைவுக்கு வரவில்லை.

சொந்தக்காரர்கள் வந்தால் பெண்மணி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், வேலை கெடும் என்று முதலாளி சொல்வார். பெண்மணிக்கு வேறொரு காரணமும் உண்டு. வருகிறவர்கள் "உன் அறை எது" என்று கேட்டால் எதைக் காட்டுவது என்ற கூச்சம். எழுதிவிட்டோம், இப்போது கொஞ்சம் லேசாக இருக்கிறது.

தங்களுக்கு முதல் நம்பர் அறை உறுதி செய்யப்பட்டுள்ளது. இது விடுதியின் தாளிலும் முத்திரையிலும் எழுதப்பட்டது, யாரும் மாற்ற முடியாது. கூடுதலாக ஒரு போர்வை வைக்கப்படும். வளைவுகளில் ஹார்ன் அடிக்கவும். இருட்டும் முன் வந்து சேரவும்.

வாருங்கள்.

விடுதி மேலாளருக்காக

மே 15, பாதி மலையிலிருந்து

அன்புள்ள சின்னவளுக்கு,

இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் உன்னிடம் வந்து சேரும், தெரிந்தே எழுதுகிறேன். உன்னைப் பார்த்ததும் முதலில் திட்டத்தான் போகிறேன். அதற்கு முன் நல்லதாக நாலு வார்த்தை எழுதி, இங்கே தேநீர்க் கடைப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் போட்டுவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வண்டிக்குத்தான் சூடு ஏறிவிட்டது, வாயைத் திறந்துவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

கூரை மேலிருந்த பயிற்சிப் பள்ளிப் பலகையையும் எல் போர்டையும் நான் கழற்றவில்லை. அடிவாரத்தில் ஒரு காவலர் நிறுத்தினார். "மாணவி ஓட்டுறாங்க சரி, டீச்சர் எங்க?" என்றார். "ரெண்டு பேரும் நான்தான்" என்றேன். யோசித்துவிட்டு விட்டுவிட்டார்.

முதல் கொண்டை ஊசி வளைவில், "கியரைக் குறை, கியரைக் குறை" என்று பழக்கத்தில் கத்தினேன். யாரும் குறைக்கவில்லை. குறைக்க வேண்டியவள் நான்தான் என்று உறைப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டி, "யாரும்மா உனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தது?" என்று கேட்டார். இத்தனை வருஷத் தொழிலில் இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் எல் போர்டைப் பார்த்து எல்லோருமே ஒதுங்கி வழிவிட்டார்கள். லாரிக்காரர்கள்கூட. ராணி மாதிரி ஏறி வந்தேன்.

ஓரம் எனக்குச் சரியாகத் தெரியாது என்பதால் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்க்கிறேன். அதனாலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். கீழே சமவெளி வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. மேகத்தின் நிழல் வயல் மேல் நகர்ந்து போகிறது. வந்த பாதை அவிழ்த்துப் போட்ட ரிப்பன் மாதிரி தெரிகிறது. மேலே ஏற ஏறக் காற்றில் மர வாசனை. பாறையில் தண்ணீர் வழிகிற இடத்தில் சுற்றுலா வந்தவர்கள் எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். என்னையும் வண்டியோடு சேர்த்து ஒருவர் எடுத்தார்.

எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது. ரொம்பக் கோபமாகவும் இருக்கிறது. இவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவில் உன்னை ஜன்னல் இல்லாத அறையில் வைத்திருக்கிறார்கள், நீயும் இருந்துகொண்டிருக்கிறாய். இன்ஜின் ஆறிவிட்டது, வருகிறேன்.

உன் அக்கா

ஜூன் 18

அன்புள்ள அக்கா,

பத்திரமாக இறங்கி வீடு போய்ச் சேர்ந்தாய் என்று தெரிந்தது, நிம்மதி. நான் சௌக்கியம். இந்தத் தடவை யோசித்துவிட்டுத்தான் அந்த வார்த்தையை எழுதுகிறேன். நீ பாதி மலையில் போட்ட கடிதம் நீ கீழே இறங்கிய மறுநாள் வந்தது. அவர் கை நீட்டினார். "இது எனக்கு வந்தது" என்று நான் வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நீ வந்து நின்ற அன்று அவர் முகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "சொந்தக்காரங்க வர்ற நேரமா இது?" என்று கேட்டார். நீ விடுதித் தாளை மேஜைமேல் வைத்தாய். "சொந்தக்காரியா வரல. உங்க தாளு, உங்க முத்திரை, உங்க முதல் நம்பர் ரூம். பெட்டியை யாராவது எடுத்துட்டு வரீங்களா?" அவரே தூக்கிக்கொண்டு வந்தார். இந்த விடுதியில் அவர் பெட்டி தூக்கி நான் பார்த்ததில்லை.

அப்புறம் மணி அடித்தாய். நான் தட்டோடு வந்தேன். "ஒரு கப்தான் இருக்கு, இன்னொண்ணு கொண்டு வாங்க" என்றாய். கொண்டு வந்தேன். என்னை ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாய். கீழே அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், கடைசியில் மேலேயே வந்துவிட்டார். "இந்த வாரம் இந்த ரூம் என்னோடது. இங்க யார் உக்காரணும்னு நான் சொல்றேன், மாப்பிள்ளை" என்று நீ சொன்னபோது, நான் எழுந்துகொள்ளத்தான் பார்த்தேன் அக்கா. பழக்கம். நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய். தேநீர் ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் என் கைத்தடம் பட்டுவிட்டது. துடைக்கவில்லை.

தினமும் காலையில் ஏரியைச் சுற்றி என்னை ஓட்ட வைத்தாயே, அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தத் தாள் போதாது. வண்டியை நிறுத்தி நிறுத்திக் கிளப்பினேன், நீ ஒரு தடவைகூடத் திட்டவில்லை. என்னைத் திட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாயே, எப்போது திட்டினாய்?

சீசன் முடியும்வரை அந்த அறைக்கு நீ வாடகை கட்டிவிடுவதாகவும், நான் அதில் இருந்துகொள்ளலாம் என்றும் சொன்னாய். வேண்டாம் என்றேன், கோபித்துக்கொண்டு இறங்கிப் போனாய். இப்போது காரணம் சொல்கிறேன். என் அறைக்கு நீ எதற்கு வாடகை கட்ட வேண்டும்? நீ போன அன்று மாலையே என் பெட்டியை எடுத்துக்கொண்டு முதல் நம்பர் அறைக்குப் போய்விட்டேன். அறை கேட்டு எழுதுகிறவர்களுக்கெல்லாம், "முதல் நம்பர் அறை நிரந்தரமாக ஒருவருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது, மற்ற அறைகளில் விருப்பத்தைத் தெரிவிக்கவும்" என்று பதில் போடுகிறேன். பதில் எழுதுவது நான்தானே.

அவருக்கு இன்னும் முழு விஷயம் தெரியாது. அக்கா போன வருத்தம், விருந்தாளி யாராவது வந்து நின்றால் நானே இறங்கிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இனி "முதல் நம்பர் அறை" என்று விலாசம் போட்டு எழுது. விருந்தினர் தபாலை இங்கே யாரும் பிரிப்பதில்லை. இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டியது நான்தான்.

சின்னவள்

ஜூலை 5

முதல் நம்பர் அறையில் இருப்பவருக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் கையெழுத்தே சொல்கிறது. நானும் நலம்.

உன் கடிதத்தை என் மாணவிகளுக்குப் படித்துக் காட்டினேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த ஒருத்தி ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கைதட்டினாள், வண்டி வாய்க்காலில் இறங்கத் தெரிந்தது.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஏற்றத்தில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது ஒரு கணம் பின்னால் போகும். அதற்குப் பயந்து காலை எடுத்தால் கீழேதான் போவாய். அவர் சத்தம் போடப் போகிறார். அந்த நேரம் பெட்டியைத் தூக்கிவிடாதே.

உன் அக்கா

செப்டம்பர் 12

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை என்று பயந்திருப்பாய். சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

வருஷாவருஷம் முதல் நம்பர் அறைக்கே வருகிற ஒரு வக்கீல் குடும்பம் நேரே வந்து இறங்கியது. என் வீட்டுக்காரர் சாவிக்காக மேலே வந்தார். "என்ன இது, விளையாட்டா? காலி பண்ணு" என்றார். "இது என் ரூம்" என்றேன். "ரெண்டு மாசம்னு சொல்லித்தான் வாங்கினீங்க. அந்த ரெண்டு மாசம் எப்பவோ முடிஞ்சுபோச்சு." வக்கீல் வீட்டம்மா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரே, "எங்களுக்கு நாலாம் நம்பர் போதும்" என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் போனதும் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ்வளவு திமிரா, இனிமே கடிதமெல்லாம் நானே எழுதிக்கிறேன்" என்று கடிதக் கட்டை வாங்கிக்கொண்டார். சந்தோஷமாகக் கொடுத்தேன். ஒரு வாரம் எழுதினார். ஒரே அறையைத் தேனிலவுக்கு வந்தவர்களுக்கும், பஜனைக் கோஷ்டி ஒன்றுக்கும் ஒதுக்கிவிட்டார். இரண்டு கூட்டமும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியது. நான் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே உதவிக்குப் போகவில்லை அக்கா, தேநீரை முடித்துவிட்டுத்தான் போனேன்.

கடிதக் கட்டு திரும்பி வந்துவிட்டது. முகம் இன்னும் நேராகவில்லை. ஆனால் நேற்று ஏதோ கேட்க மேலே வந்தவர், கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றார். "வாங்க" என்று சொன்ன பிறகுதான் உள்ளே வந்தார். ஜன்னல் பக்கம் போய், "இங்கேர்ந்து இவ்ளோ தெரியுமா?" என்றார். இத்தனை வருஷத்தில் அவரும் பார்த்ததில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொரு செய்தி. விடுதி ஜீப்பில் சந்தைக்குப் போய் வருவது இப்போது நான்தான். முதலில் ஜீப் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வந்தார், இப்போது தூங்கிக்கொண்டு வருகிறார். முன்னேற்றம்தானே. லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

நீ எப்போது வருகிறாய்? டிசம்பருக்கு முன் இன்னொரு தடவை ஓட்டிக்கொண்டு வந்துவிடு. காத்திருக்கிறேன்.

சின்னவள்

நவம்பர் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்து ரொம்பப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதினால் படிக்க வசதியாக இருக்கும், விளக்கு வெளிச்சம் இப்போது முன்னைப்போல இல்லை.

பள்ளிக்கூடத்தை என் பழைய மாணவி ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள். கெட்டிக்காரி. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வண்டி வருகிற சத்தத்தை வைத்தே எந்தக் கியரில் வருகிறாள் என்று சொல்லிவிடுவேன். பொழுது நன்றாகப் போகிறது.

வரச் சொல்லியிருந்தாய். இப்போது மழைக்காலம், பாதை சரியிருக்காது. அது முடிந்தால் பனி, மூட்டு பிடித்துக்கொள்ளும். அப்புறம் உங்களுக்கு சீசன் வந்துவிடும், அந்த நேரத்தில் வந்து தொந்தரவு செய்யக்கூடாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா

டிசம்பர் 15

பெறுநர்: சுற்றுலாப் பயணி அவர்கள்
பொருள்: தாங்கள் அறையை ரத்து செய்ததை ஏற்க மறுத்தல்

அம்மையீர்,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. தாளின் வலது ஓரத்தில் எழுதிய கடைசிச் சொற்கள் மேஜைமேல் போயிருக்கும் என்று நினைக்கிறோம். விளக்கின்மேல் பழி போட வேண்டாம்.

மழை, பனி, சீசன் என்று தாங்கள் எழுதிய காரணங்கள் மூன்றும் இந்த விடுதிக்குச் சொந்தமானவை. இங்கிருந்து பல வருஷமாக அனுப்பப்பட்டவை. வேறு யாரும் பயன்படுத்த அனுமதி இல்லை. தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடவும்.

முதல் நம்பர் அறையில் இரண்டாவது கட்டில் போடப்பட்டுள்ளது. தூக்கி வந்து போட்டவர் முதலாளி. முணுமுணுத்தபடிதான் போட்டார், ஆனாலும் ஜன்னல் பக்கமாகப் போட்டார். தங்களுக்கு நேர்ப்பார்வை மிச்சம் இருக்கிறது. பள்ளத்தாக்கு நேர் எதிரேதான் இருக்கிறது. எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற கட்டத்தை நிரப்பவில்லை, அது தங்கள் விருப்பம்.

தாங்கள் ஓட்டிக்கொண்டு வர முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். அதை ஒளிக்க வேண்டியதில்லை. அழுதிருந்தாலும் ஒளிக்க வேண்டியதில்லை, நாங்களும் அழுதோம். பயண ஏற்பாடு விடுதியின் பொறுப்பு. விடுதிப் பெண்மணிக்குப் போன வாரம் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. சோதனையின்போது "கண்ணாடியைப் பார், கியரைக் குறை, பயப்படாதே" என்று அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். "யாருகிட்ட பேசுறீங்க?" என்று அதிகாரி கேட்டார். "எங்கக்கா பேசுறாங்க" என்று பதில் சொன்னார். அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை ஜீப் இங்கிருந்து இறங்குகிறது. பெட்டியோடு வாசலில் நிற்கவும். வழக்கம்போலப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்ளலாம், இந்தத் தடவை அது தப்பில்லை. காலை நீட்டி வசதியாக உட்காரவும். அந்தப் பக்கம் பிரேக் கிடையாது.

முதல் நம்பர் அறையிலிருந்து,
சின்னவள்